ஜாவா தெரியாத டீச்சர்

பத்தாம் வகுப்பு இயற்பியலில் குவிலென்சு பாடம் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பொருள் எங்கே இருந்தால் பிம்பம் எங்கே விழும் என்று புத்தகத்தில் வரிசையாகப் படங்கள் இருக்கும். பிள்ளைகள் அவற்றைக் கோலம் பழகுவதுபோலப் பழகிவிட்டு, பரீட்சையில் கேட்டதைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கீறல் விழாத லென்சு ஒன்றுதான் உண்டு. சன்னல்கள் சாத்தாது. ஆனி ஆடிக் காற்றில் மெழுகுவர்த்தி ஒரு நிமிஷம் நிற்காது. திரையில் பிம்பம் தெரிகிறது என்று நான் சொல்ல, தெரிகிறது டீச்சர் என்று அவர்கள் சொல்ல, மணி அடித்துவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அப்போது வேலை பார்த்தேன். வீடு தச்சநல்லூரில். ஜங்ஷனில் இறங்கி பஸ் மாற வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஜங்ஷனில், ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று திறந்தார்கள். முன்பக்கம் இன்டர்நெட் பார்க்கலாம். பின்பக்கம் வகுப்பு. வெளிநாட்டிலிருந்த என் தம்பிக்குக் கடிதம் அனுப்பத்தான் முதலில் அங்கே போனேன். அனுப்பி முடித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது. லென்சு என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தேன்.

ஒரு பக்கம் திறந்தது. திறந்தது என்றால், மோடம் கத்தி ஓய்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து, வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு அதற்குள் ஒரு லென்சும் ஒரு மெழுகுவர்த்தியும் தோன்றின. மவுஸால் மெழுகுவர்த்தியைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கம் தலைகீழாக நின்ற பிம்பமும் கூடவே நகர்ந்தது. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். பிம்பம் பெருத்துக்கொண்டே தூரமாக ஓடி, பெட்டியை விட்டே வெளியேறியது. குவியத்தைத் தாண்டி உள்ளே வைத்ததும் மெழுகுவர்த்திக்குப் பின்னாலேயே நிமிர்ந்து பெரிதாக வந்து நின்றது. எத்தனையோ வருஷமாகப் பாடம் எடுத்தவள் நான். அந்த ஓட்டத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எழுந்திருக்கவே மனசில்லை.

சென்டரை நடத்தியவர் முப்பது வயதுக்குள் இருப்பார். டை கட்டியிருப்பார். எல்லோருக்கும் அவர் 'சார்'. எனக்குத் தம்பி வயது என்பதால் தம்பி என்றே கூப்பிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இந்த மாதிரிப் பக்கம் ஒன்று என் பிள்ளைகளுக்குத் தமிழில் வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ஜாவாங்கிற புரோகிராம் மொழியில எழுதுனது, டீச்சர். மொதல்ல சி படிக்கணும். பொறவு சி பிளஸ் பிளஸ். அதுக்கப்புறந்தான் ஜாவா. ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? லேடீஸ் டீச்சர்களுக்குன்னு தனியா டைப்பிங் பேட்ச் ஒண்ணு போட்டிருக்கேன். அதுல சேருங்க."

"நான் ஜாவா படிக்கணும்னு கேக்கல தம்பி. இந்த மெழுகுவர்த்தி நகருதுல்லா, இத எம் பிள்ளைக நகர்த்திப் பாக்கணும். அதுக்கு வழி கேக்கேன்."

"அதுக்கு வழி அதுதான்" என்றார்.

டைப்பிங் பேட்சில் நான் சேரவில்லை. சி வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு காலைகள் அதில் போயின. முதலில் திரையில் வணக்கம் சொல்ல வைத்தோம். பிறகு பகா எண்களைக் கண்டுபிடித்தோம். பிறகு ஏறுவரிசை, இறங்குவரிசை. வகுப்பில் நான் ஒருத்திதான் புடவை. லென்சு எப்போது வரும் என்று கேட்டால் அடுத்த கோர்ஸில் என்பார். அடுத்த கோர்ஸில் சேர்ந்தவர்களிடம் விசாரித்தேன். அவர்களும் பகா எண்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள், வேறொரு மொழியில்.

படிப்பதில் எனக்கு வெறுப்பில்லை. புரோகிராம் எழுதுவது ஒரு நல்ல வித்தை, எழுதுகிறவர்கள் எழுதட்டும். ஆனால் பாடம் நடத்த வந்தவளை வாசலில் நிறுத்தி, நீ இஞ்சினியர் ஆனால்தான் உள்ளே விடுவேன் என்பதில் என்ன நியாயம்? அந்தச் சந்தேகம் எனக்குள் நமநமத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மதியம் அந்த லென்சுப் பக்கத்தைத் திரும்பத் திறந்து வைத்திருந்தேன். இணைப்பு அறுந்துவிட்டது. பக்கம் மட்டும் திரையில் நின்றது. சும்மா இருக்க முடியாமல் மேலே இருந்த பட்டியலில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் அழுத்தியதும், பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அந்த உள்ளெழுத்து முழுக்க வேறொரு சன்னலில் கொட்டியது. பெரும்பாலும் புரியவில்லை. ஆனால் நடுவில் சில வரிகள் புரிந்தன. குவியத் தொலைவு என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் ஓர் எண். பொருளின் உயரம், ஓர் எண். இந்த எண்களை மாற்றினால் படம் மாறும். அதற்குமேல், இதை உருவாக்கிய அயல்நாட்டு ஆசிரியர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். ஆசிரியர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், புரோகிராம் தெரிய வேண்டியதில்லை, எண்களையும் பெயர்களையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று. எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நாளும் கதவு திறந்தேதான் கிடந்திருக்கிறது.

மறுவாரமே எல்லாவற்றையும் ஒரு ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு சி வகுப்புக்கு முழுக்குப் போட்டேன்.

இனி தமிழ். எங்கள் பள்ளித் தமிழாசிரியை என்னைவிட மூத்தவர். நான் அக்கா என்பேன். டவுணில் அவருடைய தம்பி கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற டி.டி.பி. கடை வைத்திருந்தார். அங்கே தமிழ் எழுத்துருவும் இருந்தது, பகலில் ஓய்ந்திருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். நான் சொல்லச் சொல்ல மளமளவென்று அடித்தார். லென்சுப் பெட்டிக்குள் தமிழ் ஏறவில்லை. அங்கே பெயர்களை வெறுமையாக விட்டுவிட்டு, பெட்டிக்குக் கீழே தமிழில் எழுதினோம். அடுத்து கேள்விகள். மெழுகுவர்த்தியை இங்கே வைத்தால் பிம்பம் எங்கே வரும்? கீழே மூன்று விடைகள். ஒவ்வொரு விடையையும் அழுத்தினால் ஒரு தனிப் பக்கம் திறக்கும். அதைச் செய்ய எந்தப் புரோகிராமும் வேண்டாம், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வழி காட்டுகிற ஒரே ஒரு வரி போதும். தப்பான விடைக்குத் 'தவறு' என்று நான் போடச் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டார்.

"ஏட்டி, இங்கனயும் வந்து அதுகள ஏசணுமா? பிள்ள என்ன நெனச்சு அத அழுத்துச்சோ, அதுக்குப் பதில் சொல்லு" என்றார்.

அப்படியே எழுதினோம். நீ பிம்பம் நிமிர்ந்திருக்கும் என்று நினைத்தாய் அல்லவா, மெழுகுவர்த்தியைப் பைய நகர்த்திப் பார்த்துவிட்டு வா என்பதுபோல. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பதில். அதை எழுதத் தேவைப்பட்டது ஜாவா இல்லை. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது தெரிய வேண்டும். அது எங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பழைய மாணவி ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தது. தலைமையாசிரியை அறையில், பூவேலை செய்த உறையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைப்பார்கள். அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒன்று. நான் கேட்டபோது தலைமையாசிரியை, ரிப்பேர் ஆனால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டார். பக்கம் தயார், பார்க்கப் பிள்ளைகளுக்கு வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர்களுக்கான கற்பித்தல் கருவிக் கண்காட்சி வந்தது. கம்ப்யூட்டர் பிரிவு என்று அந்த வருஷம் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். தலைமையாசிரியை என் பெயரைக் கொடுக்கச் சொன்னார். நானும் அக்காவும் ஃபிளாப்பியோடு போனோம். போனால், கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு ஜங்ஷன் சென்டர்க்காரர். டையோடு நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தைத் திறந்தோம். மெழுகுவர்த்தி இருக்கிறது, லென்சு இருக்கிறது, தமிழ் இல்லை. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியும் டாலர் குறியும் வாலறுந்த ஆங்கில எழுத்துகளுமாகக் கிடந்தன. டி.டி.பி. கடை எழுத்துரு அந்த இயந்திரத்தில் இல்லை. இன்னொரு ஃபிளாப்பியில் எழுத்துருவைக் கொண்டுவந்திருந்தேன். போட்டால் இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும். அவர் போடவிடவில்லை. வெளி ஃபிளாப்பியிலிருந்து எதையும் இதில் ஏற்றக் கூடாது, வைரஸ் வரும் என்றார். பக்கத்தையும் வெளி ஃபிளாப்பியிலிருந்துதானே திறந்தோம் என்றேன். அது வேறு, இது வேறு என்றார்.

அக்கா வெளியே போய்ச் சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்தார். கேள்விகளையும் விடைகளையும் பட்டை எழுத்தில் எழுதி, கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். நூறு தலைமுறை எழுதிய மொழி திரைக்குள் நுழைய இடமில்லாமல் சுவரில் தொங்கியது.

நடுவராக வந்தவர் ஓர் இஞ்சினியரிங் கல்லூரிப் பேராசிரியர். மவுஸைத் தொடக்கூட இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இந்தப் புரோகிராம் யார் எழுதுனது?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். லென்சை எழுதியவர் ஓர் அயல்நாட்டு ஆசிரியர், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருக்கிறார், பாடமும் கேள்வியும் பதில்களும் நாங்கள் எழுதியவை.

"அப்ப நீங்க எழுதல. காப்பி அடிச்சிருக்கீங்க. மிச்சமெல்லாம் வெறும் லிங்க்."

"சார், நான் வகுப்புல லென்சு வச்சுப் பாடம் நடத்துதேன். அந்த லென்ச நானா இழைச்சேன்? மெழுகுவர்த்திய நானா வார்த்தேன்? அங்கன யாரும் என்னக் காப்பி அடிச்சேன்னு சொல்லலியே."

"இது கம்ப்யூட்டர் பிரிவு மேடம். இங்க நாங்க பாக்குறது புரோகிராமிங்."

"பலகையில கற்பித்தல் கருவின்னுதான் சார் போட்டிருக்கு."

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அடுத்த மேசையில் வேறொரு பள்ளியின் பெயரில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த தேதியைத் தட்டினால் கிழமையைச் சொல்லும். அந்தப் பள்ளிக்காக அதைச் செய்துகொடுத்தவர் சென்டர்க்காரர்தான். முழுக்க நாங்களே எழுதியது சார் என்று நடுவரிடம் சொன்னார். அதே பெட்டியை, அதே நிறத்தில், அதே பொத்தான்களோடு, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்த ஒரு பக்கத்தில் நான் பார்த்திருக்கிறேன். அவருடைய சென்டரில் உட்கார்ந்துதான் பார்த்தேன். தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அந்தப் பக்கத்தோட உள்ளெழுத்தையும் ஒருக்கத் தொறந்து பாத்திருங்க" என்றேன். நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதெல்லாம் அவசியமில்லை என்றார். சென்டர்க்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் பரிசு பிறந்த கிழமைக்குப் போனது. எங்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ்.

சென்டர்க்காரர் எடுத்து ஒட்டியதை நான் இன்றைக்கும் குற்றம் என்று சொல்லமாட்டேன். எடுத்து ஒட்டத்தானே அதை எழுதியவர்கள் வெளியே வைத்திருந்தார்கள்? நானும் அதைத்தான் செய்தேன். எனக்கு ஆறாதது வேறு. எண்ணை மாற்றித் தலைப்பை மாற்றி ஒரு பக்கத்தை உண்டாக்கலாம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, வந்து கேட்டவளிடம் அதை மறைத்து, பகா எண்ணைத் தேட அனுப்பினார். அதற்குப் பெயர் கல்வி. மறைக்காமல் சொன்னவளுக்குக் கிடைத்த பெயர் காப்பி.

கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியையும் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெயரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஏச்சு விழும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கம்ப்யூட்டர் மேலிருந்த உறையை உருவி மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் ஒரு தடவ அந்த மெழுகுவர்த்திய நகர்த்திப் பாத்தாரா? நான் அங்கனதான் நின்னேன். தொடவே இல்லியே" என்றார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் அதற்குமுன் கண்டதில்லை. "சனிக்கிழமை பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. ரிப்பேர் ஆனா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

எழுத்துருவைப் போட்டோம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். சரியான விடையை அழுத்துவதைவிடத் தப்பான விடைகளை அழுத்துவதில்தான் அவர்களுக்கு ஆசை. ஒவ்வொரு தப்புக்கும் அக்கா என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வருஷம் லென்சுக்கு யாரும் படத்தை நெட்டுருப் போடவில்லை. இரண்டு மூன்று வாரத்தில், இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். உள்ளெழுத்தைத் திறந்து காட்டினேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் அவர்களில் இருந்தாள். பேச்சு குறைவு. கணக்கில் எப்போதும் தட்டுத்தடுமாறுவாள். அவளாகவே இப்படிப் பக்கம் ஒன்று செய்தாள். தேயிலை பறித்ததிலிருந்து தூளாகிற வரைக்கும். இலை வந்துவிட்டது, இனி என்ன செய்வாய் என்று கேட்கும். வாட விடுவதா, அரைப்பதா, உலர்த்துவதா? தப்பான வழியில் போனால் அந்த வழியிலேயே கூட்டிக்கொண்டு போய், கடைசியில் வாயில் வைக்க முடியாத ஒரு டம்ளர் தேநீரைக் கையில் கொடுக்கும். எத்தனை வழிகள், எங்கே பிரிந்து எங்கே சேர்கின்றன என்று அத்தனையையும் தலைக்குள் வைத்திருந்தாள். ஒரு வழிகூட முட்டிக்கொண்டு நிற்கவில்லை. நானும் அக்காவும் சேர்ந்து செய்ததைவிட அது பெரிது.

எங்கள் பள்ளியில் பத்து வரைதான். பதினொன்றில் கம்ப்யூட்டர் பிரிவு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். சேர்க்கை நாளன்று அவள் அப்பாவும் அம்மாவும் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார்கள். நானும் கூடப் போனேன். மேல்நிலைப் பள்ளி ஒன்றில், சேர்க்கைக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். கணக்கில் மதிப்பெண் காணாது என்றார். அவள் செய்ததை ஃபிளாப்பியில் கொண்டுவந்திருக்கிறோம், ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

"அதெல்லாம் பொழுதுபோக்கு டீச்சர். கணக்கு இல்லாம கம்ப்யூட்டர எப்படித் தொடுவா?"

"தொட்டுட்டாளே சார். தொட்டுச் செஞ்சதத்தான் கொண்டாந்திருக்கோம்."

அவர் எங்களுக்குப் பின்னால் நின்றவரை முன்னால் கூப்பிட்டார். இன்னொரு பள்ளிக்கும் போனோம். அங்கே ஃபிளாப்பியைக் கையிலாவது வாங்கினார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் வரலாற்றுப் பிரிவில் இடம் கிடைத்தது. வரலாறு ஒன்றும் மட்டமில்லை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. பாடத்திட்டம் வைத்தவர்கள் யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, பக்கம் எழுதப் புரோகிராம் வேண்டும், புரோகிராமுக்குக் கணக்கு வேண்டும் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் பூட்டுக்கு எது அவசியம் என்று ஒருவரும் கேட்டதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அவள் அழவில்லை. அவள் அப்பாதான் வெயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். மலைக்குப் பஸ் மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரை எங்கன போய் உக்கார என்று அவள் அம்மா கேட்டாள். எங்கள் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். விடுமுறை என்றாலும் தலைமையாசிரியை இருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு, அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். அவள் கூசினாள். நீங்க உக்காருங்கம்மா, ஒங்க மக செஞ்சதுதானே என்றார்.

அம்மாவின் கையை மவுஸில் வைத்து, எப்படி நகர்த்துவது என்று மகள் காட்டினாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், எழுத்துக் கூட்டி. இனி என்ன செய்வாய் என்பதை வாய்விட்டுப் படித்தாள். சரியான வழியில் ஒருமுறை போய் நல்ல தேநீருக்கு வந்து சேர்ந்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து, வேண்டுமென்றே தப்பானவற்றை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள், மகள் என்னென்ன எழுதி வைத்திருக்கிறாள் என்று பார்க்க. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா வாசலிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, இருங்க என்றாள் அம்மா, திரும்பாமல்.